1,500 ஓவியங்கள் நாசம்... 40 வயதில் மறுபடியும் முதலில் இருந்து! காட்டின் வெளிச்சத்தை வரைந்த பிசாரோவின் கதை

1871 ஜூன் மாதம். போர் முடிந்து லண்டனில் இருந்து மனைவி, இரண்டு குழந்தைகளோடு பிரான்ஸ் திரும்புகிறார் ஓர் ஓவியர். பாரிஸுக்குப் பக்கத்தில் லூவெசியன் என்ற கிராமத்தில் அவருடைய வாடகை வீடு. உள்ளே போய்ப் பார்த்தால், அது வீடாகவே இல்லை.

அவர் இல்லாத நேரத்தில் பிரஷ்ய ராணுவ வீரர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஆடு அறுக்கும் இடமாகவும் வீட்டைப் பயன்படுத்தியிருந்தார்கள். தோட்டம் முழுக்க சேறு. பூட்ஸில் சேறு படாமல் நடக்க அவர்கள் தரையில் விரித்துப் போட்டது என்ன தெரியுமா? அந்த ஓவியர் வரைந்து வைத்திருந்த கேன்வாஸ்களைத்தான்.

கிட்டத்தட்ட 20 வருட உழைப்பு. அவருடைய கணக்குப்படி சுமார் 1,500 ஓவியங்கள். அதில் மிஞ்சியது 40 மட்டுமே.

அந்த ஓவியர் கமீல் பிசாரோ. இன்று உலகின் பெரிய மியூசியங்கள் எல்லாவற்றிலும் அவர் படங்கள் தொங்குகின்றன. அன்றைக்கு அவரிடம் காசும் இல்லை, பெயரும் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த மார்லி காட்டுக்குப் போய், மறுபடியும் வரைய ஆரம்பித்தார். அந்த வருடம் அவர் வரைந்த மார்லி காட்டின் படம் ஒன்று இப்போதும் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் உள்ள தைசன் மியூசியத்தில் இருக்கிறது.

யார் இந்த பிசாரோ?

பிரெஞ்சு ஓவியர் என்று சொன்னாலும் அவர் பிறந்தது பிரான்ஸில் இல்லை. கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில், 1830 ஜூலை 10-ம் தேதி பிறந்தார். அப்போது அந்தத் தீவு டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. இப்போது அமெரிக்காவுக்குச் சொந்தம்.

அப்பா ஃபிரெடெரிக், பிரான்ஸில் இருந்து போன யூத வியாபாரி. இறந்துபோன உறவினரின் கடையைக் கவனிக்கத் தீவுக்குப் போனவர், அந்த உறவினரின் மனைவி ரஷேலையே திருமணம் செய்துகொண்டார். உள்ளூர் யூத சமூகம் இதை ஏற்கவில்லை. அந்தத் திருமணத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவே பல வருடம் ஆனது. ஊரோடு ஒட்டாமல் தனித்து நிற்பது எப்படி இருக்கும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவர் பிசாரோ.

12 வயதில் படிப்புக்காகப் பாரிஸ் பக்கத்தில் உள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஓவிய ஆசை அங்கேதான் பிடித்தது. 17 வயதில் ஊருக்குத் திரும்பியதும் அப்பா அவரைத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் போட்டார். கப்பலில் இருந்து மூட்டை இறங்கும். இவர் ஒரு பக்கம் கணக்கு எழுதுவார், இன்னொரு பக்கம் அங்கே வேலை செய்யும் ஆட்களை ஸ்கெட்ச் போடுவார்.

அப்படி இருக்கும்போது அறிமுகமானவர் ஃபிரிட்ஸ் மெல்பை என்ற டென்மார்க் ஓவியர். 1852-ல் இரண்டு பேரும் வெனிசுலாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். கராகஸ் நகரிலும் சுற்றுப்பகுதிகளிலும் சுமார் இரண்டு வருடம் ஓவியம்தான் வேலை. திரும்பி வந்த பையனை இனி கணக்குப் புத்தகத்தோடு கட்டிவைக்க முடியாது என்று குடும்பத்துக்குப் புரிந்தது. 1855-ல் பாரிஸ் போனார். அதன் பிறகு தீவுக்குத் திரும்பவே இல்லை.

பாரிஸில் என்ன நடந்தது?

அந்தக் காலத்தில் பிரான்ஸில் ஓவியராகப் பிழைக்க வேண்டும் என்றால் ஒரே வாசல்தான். அரசு ஆதரவோடு நடக்கும் சலோன் கண்காட்சி. நடுவர் குழு உங்கள் படத்தை எடுத்துக்கொண்டால் வாங்குபவர்கள் வருவார்கள். தள்ளிவிட்டால் அவ்வளவுதான்.

சலோனில் எதற்கு மதிப்பு? புராணக் கதை, சரித்திரக் காட்சி, ராஜா ராணி. வயல், காடு, மண் ரோடு, விறகு சுமக்கும் ஆள் இதெல்லாம் கடைசி வரிசை. பிசாரோவுக்குப் பிடித்தது இந்தக் கடைசி வரிசைதான்.

அப்போது மூத்த இயற்கைக் காட்சி ஓவியர் கமீய் கோரோ அவருக்கு வழிகாட்டினார். வெளியே போய், நேரில் பார்த்து வரையச் சொன்னவர் அவர். ஆனா ஒரு விஷயத்தில் இருவருக்கும் வித்தியாசம் இருந்தது. கோரோ வெளியே குறிப்பு எடுத்துக்கொண்டு, பெரிய படங்களை ஸ்டூடியோவில் வைத்து முடிப்பார். பிசாரோவுக்கு ஆரம்பிப்பதும் முடிப்பதும் வெளியிலேயே நடக்க வேண்டும். 1859-ல் சலோன் அவருடைய படம் ஒன்றை முதல்முறையாக ஏற்றது. பிறகு சில வருடம் ஏற்பு, சில வருடம் நிராகரிப்பு.

இதற்கிடையே வீட்டிலும் ஒரு போராட்டம். பெற்றோர் வீட்டில் சமையல் உதவிக்கு இருந்த ஜூலி வெலே என்ற பெண்ணை அவர் காதலித்தார். ஜூலி பர்கண்டி பகுதியின் கிராமத்துப் பெண், கத்தோலிக்கர். வேலைக்காரப் பெண்ணை மருமகளாக ஏற்கக் குடும்பம் தயாராக இல்லை. இருவரும் திருமணம் இல்லாமலேயே சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள். 1863-ல் மூத்த மகன் லூசியன் பிறந்தான்.

படம் விற்கவில்லை. 1868 வாக்கில் பிசாரோ ஜன்னல் திரைகளுக்குப் பெயிண்ட் அடித்தும், கடை போர்டு எழுதியும் சம்பாதித்தார்.

போர் வந்தது... எல்லாம் போனது

1870 ஜூலையில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. படைகள் பாரிஸை நெருங்கியதும் பிசாரோ குடும்பத்தோடு முதலில் ஒரு நண்பரின் பண்ணைக்கும், பிறகு லண்டனுக்கும் போனார். அந்த ஓட்டத்துக்கு நடுவே பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்துபோனது.

லண்டனில் அவருக்கு இரண்டு நல்லது நடந்தது. மோனேயும் அங்கேதான் தஞ்சம் புகுந்திருந்தார். இரண்டு பேரும் மியூசியங்களில் டர்னர், கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர்களின் வெளிச்சத்தையும் மேகத்தையும் உட்கார்ந்து படித்தார்கள். அடுத்து, போல் துராந்-ருயேல் என்ற ஓவிய வியாபாரியின் அறிமுகம். அவர் பிசாரோவிடம் இரண்டு படம் வாங்கினார். பின்னாளில் இந்த ஓவியர் கூட்டத்துக்கே சோறு போட்டவர் இவர்தான்.

1871 ஜூனில் லண்டனுக்கு அருகே கிராய்டனில் பிசாரோவும் ஜூலியும் முறைப்படி திருமணம் செய்துகொண்டார்கள். அதே மாதம் ஊர் திரும்பினார்கள். அப்போதுதான் சேற்றில் கிடந்த அந்த கேன்வாஸ்கள்.

காட்டை வரைவது ஏன் அவ்வளவு கஷ்டம்?

1872-ல் குடும்பம் பாரிஸுக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், வாஸ் நதிக்கரையில் உள்ள பொன்துவாஸ் ஊருக்குக் குடிபோனது. அடுத்த பத்து வருடம் அந்த ஊரின் வயல், மேடு, தோப்பு, ஒற்றையடிப் பாதை எல்லாம் அவருடைய ஸ்டூடியோ ஆனது.

மரங்கள் அடர்ந்த இடத்தை வரைவது ஓவியருக்குப் பெரிய தலைவலி. நடுவில் நின்று பார்த்தால் அடிவானம் தெரியாது. எது முன்னே, எது பின்னே என்று பிரிக்க முடியாது. எல்லாமே பச்சை. இலைக்கு நடுவில் வெயில் புள்ளி புள்ளியாக விழும், அரை மணி நேரத்தில் அதுவும் இடம் மாறிவிடும். ஒவ்வொரு இலையாக வரைய உட்கார்ந்தால் படம் முடிவதற்குள் காடே வேறு காடு ஆகிவிடும்.

பழைய முறை என்ன? முதலில் கோடு போட்டு வரைவது. கேன்வாஸில் பழுப்பு நிற அடிப்பூச்சு. நிழலுக்குக் கறுப்பும் பழுப்பும். ஆயில் பெயிண்ட் காய நாள் கணக்கில் ஆகும் என்பதால், ஒரு பூச்சு காயக் காத்திருந்து அதன்மேல் அடுத்தது. ஸ்டூடியோவுக்குள் இது சரிவரும். காட்டில் வெயில் யாருக்காகவும் காத்திருக்காது.

பிசாரோவும் நண்பர்களும் இந்த முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். எப்படி?

முதல் விஷயம், கறுப்பைக் குறைத்தது. நிழல் கறுப்பாக இருக்காது, அதற்குள்ளும் நிறம் இருக்கும். வெயில் மஞ்சளாக அடித்தால் மரத்தடி நிழலில் நீலமும் ஊதாவும் தெரியும். அதைப் பார்த்த மாதிரியே வைத்தார்கள்.

இரண்டாவது, பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு. எதிரெதிர் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே பளிச்சென்று தெரியும். மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1839-லேயே இதைப் புத்தகமாக எழுதியிருந்தார். தோப்புக்கு நடுவே ஒரு செங்கல் நிறக் கூரை வந்தால், சுற்றியுள்ள பச்சை உயிர்பெறுவது இதனால்தான்.

மூன்றாவது, ஈரத்தின்மேல் ஈரம். கீழே இருக்கும் பெயிண்ட் காயும் முன்பே அடுத்த நிறத்தைச் சின்னச் சின்னத் தீற்றல்களாக வைப்பது. இலையை வரைவதில்லை. இலைக்கூட்டத்தின்மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதை மட்டும் வைப்பது. கிட்டே போனால் வெறும் தீற்றல். நாலு அடி தள்ளி நின்றால் காற்றில் அசையும் மரம்.

நான்காவதுதான் பிசாரோவின் தனி முத்திரை. படத்தின் ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகக் கூடாது என்பது அவர் கொள்கை. வானம், கிளை, தரை, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றாக வளர்க்க வேண்டும். பயப்படாமல் முதல் அமர்விலேயே கேன்வாஸ் முழுக்க நிறம் போட்டுவிட வேண்டும். பிற்காலத்தில் தன்னிடம் வந்த இளம் ஓவியருக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்.

இதற்கெல்லாம் கை கொடுத்தது ஒரு சின்ன கண்டுபிடிப்பு. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த தகர பெயிண்ட் டியூப். அதற்கு முன்னால் அரைத்த பெயிண்டைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டியூப் வந்த பிறகு முழு ஸ்டூடியோவும் ஒரு பெட்டிக்குள் அடங்கியது.

எத்தனை நிறம் இருந்தால் இது சாத்தியம்? பதில் அமெரிக்காவின் கிளார்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. சுமார் 1878-ல் பிசாரோ, நிறம் கலக்கும் தன்னுடைய மரப் பேலட்டிலேயே ஒரு கிராமத்துக் காட்சியை வரைந்துவிட்டார். அதன் ஓரத்தில் அவர் பிதுக்கி வைத்த நிறங்கள் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கின்றன. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா, நீலம், பச்சை. கறுப்பு இல்லை.

செசானுக்கு வழிகாட்டியவர்

பொன்துவாஸுக்கு அவரைத் தேடி வந்தவர்களில் ஒருவர் போல் செசான். பிசாரோவைவிட ஒன்பது வயது இளையவர். முரட்டு சுபாவம், படங்களிலும் இருட்டு நிறங்கள். பிசாரோ அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போய், ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்தார். செசான் அவருடைய லூவெசியன் காட்சி ஒன்றை அப்படியே நகல் எடுத்துப் பழகினார். அதன் பிறகு அவருடைய படங்களில் வெளிச்சம் வந்தது.

பால் கோகனும் பிசாரோவிடம் பாடம் கேட்டவர்தான். மனநலம் பாதித்திருந்த வான்கோவுக்கு டாக்டர் கஷேவைக் கைகாட்டியவரும் பிசாரோதான். தன்னிடம் இல்லாதபோதும் மற்றவர்களுக்கு நேரம் கொடுக்கத் தயங்காத மனிதர்.

1874: மகளின் மரணம், ஊரின் சிரிப்பு

சலோன் வேண்டாம், நாமே கண்காட்சி நடத்துவோம் என்று இந்த ஓவியர்கள் முடிவெடுத்தார்கள். மோனே, ரெனுவார், டெகா, செசான், பெர்த் மோரிசோ உட்பட சுமார் 30 பேர். சங்கத்துக்கு விதிமுறை வேண்டுமே? பிசாரோ, பொன்துவாஸ் பேக்கரித் தொழிலாளர்களின் கூட்டுறவு விதிகளைக் கொண்டுவந்து மாதிரியாகக் காட்டினார். நடுவர் கிடையாது, பரிசு கிடையாது, எல்லோருக்கும் சம உரிமை.

கண்காட்சி ஏப்ரல் 15-ல் பாரிஸில், புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் தொடங்கியது. அதற்குச் சில நாள் முன்புதான் பிசாரோவின் எட்டு வயது மகள் ஷான் நோயில் இறந்திருந்தாள். அந்தத் துக்கத்தோடுதான் ஐந்து படங்களை அனுப்பினார்.

அதில் ஒன்று 'வெண்பனி'. உழுத வயலில் உறைபனி, விறகு சுமந்து நடக்கும் ஒருவர். படத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழல் மட்டும் வயலில் குறுக்கே விழுகிறது. மரமே தெரியாமல் மரத்தைக் காட்டிய படம். விமர்சகர் லூயி லெருவா என்ன எழுதினார் தெரியுமா? பேலட்டில் இருந்து சுரண்டியதை அழுக்கு கேன்வாஸில் அப்பிய மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தார். மோனேயின் படத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் கேலியாகப் பிரபலமாக்கிய பெயர்தான் இம்ப்ரெஷனிசம். கேலிப் பெயரே கடைசியில் நிலைத்துவிட்டது.

கண்காட்சி நஷ்டம். வருடக் கடைசியில் சங்கத்தைக் கலைத்தபோது ஒவ்வொருவர் தலையிலும் சுமார் 184 ஃபிராங்க் கடன். ஆனால் கண்காட்சிகள் நிற்கவில்லை. 1886 வரை மொத்தம் எட்டு நடந்தன. மோனே விலகினார், ரெனுவார் விலகினார். எட்டிலும் பங்கேற்ற ஒரே ஓவியர் பிசாரோ.

பசியும் பிடிவாதமும்

1877-ல் அவர் வரைந்த 'கோத் தே பஃப்' என்ற படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஒல்லியான மரங்கள் வரிசையாக மறைத்து நிற்க, அவற்றின் ஊடாக வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையும் தெரியும் மேடு. உற்றுப் பார்த்தால் இடப்பக்கம் மரங்களுக்கு நடுவே இரண்டு உருவங்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். 1879-ல் வரைந்த பெரிய கோடைக்காட்டுப் படம் இப்போது அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மியூசியத்தில் உள்ளது.

ஆனா அந்த நாட்களில் இந்தப் படங்களால் அடுப்பு எரியவில்லை. வீட்டில் குழந்தைகள் அதிகமாகிக்கொண்டே போனார்கள். ஜூலிதான் தோட்டத்தில் காய்கறி போட்டு, கோழி வளர்த்துக் குடும்பத்தை ஓட்டினார். அவருக்குக் கோபம் இல்லாமல் இல்லை. விற்கிற மாதிரி ஏதாவது வரையக் கூடாதா என்ற கேள்வி அந்த வீட்டில் வருடக்கணக்கில் இருந்தது. நியாயமான கேள்விதான். பிசாரோவின் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தது அவர் மட்டும் இல்லை.

1884-ல் குடும்பம் எப்த் நதிக்கரையில் எரான்யி என்ற சின்ன கிராமத்துக்கு மாறியது. அங்கேயும் 55 வயதில் ஒரு ரிஸ்க் எடுத்தார். தன்னைவிட சுமார் 30 வயது இளைய சூரா, சினியாக் இருவரோடும் சேர்ந்து, நிறங்களைக் கலக்காமல் புள்ளி புள்ளியாக வைக்கும் புது முறைக்கு மாறினார். பெயர் கிடைத்த பிறகு மறுபடியும் மாணவன் ஆக எத்தனை பேர் தயாராக இருப்பார்கள்? துராந்-ருயேலுக்கே அது பிடிக்கவில்லை, விற்பனை இன்னும் சரிந்தது. சில வருடத்தில் பிசாரோவே அதை விட்டார். புள்ளி வைத்து முடிப்பதற்குள், பார்த்த அந்தக் கணம் கைநழுவிப் போகிறது என்பது அவர் கண்ட குறை.

1892-ல் துராந்-ருயேல் நடத்திய பெரிய கண்காட்சிக்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அதே வருடம் எரான்யி வீடு விற்பனைக்கு வந்தது. பிசாரோ லண்டனில் இருந்த நேரத்தில் ஜூலி நேராக மோனேயிடம் போய்க் கடன் கேட்டார். மோனே 15,000 ஃபிராங்க் கொடுத்தார். வாடகை வீடு சொந்த வீடானது.

கண் தடுத்தது... ஜன்னல் திறந்தது

நிலைமை சரியாகும் நேரத்தில் உடம்பு மக்கர் செய்தது. 1888 முதல் கண்ணீர்ப்பையில் தொற்று. காற்றும் தூசும் பட்டாலே கண் வீங்கிவிடும். அறுவை சிகிச்சைகள் செய்தும் முழுசாகக் குணமாகவில்லை. வெளியில் நின்று வரைவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவருக்கு, வெளியில் நிற்க முடியாது.

பிசாரோ ஜன்னலுக்குப் பின்னால் போனார். எரான்யி வீட்டு ஜன்னலில் இருந்து தோட்டத்தையும் மரங்களையும் வரைந்தார். ருவான், பாரிஸ், லெ ஹாவ்ர் நகரங்களில் ஹோட்டல் அறை எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கீழே ஓடும் தெருவை வரைந்தார். 1897-ல் ஒரே ஜன்னலில் இருந்து மான்மார்த்ர் சாலையைப் பனி, மழை, வெயில், இரவு என்று மாற்றி மாற்றி வரைந்தார். காட்டில் பழகிய அதே முறைதான். இலைகளுக்குப் பதிலாக இப்போது ஜனங்கள்.

கடைசி வருடங்களில் இன்னொரு வலியும் வந்தது. யூத ராணுவ அதிகாரி டிரேஃபஸ் மீது பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்ட வழக்கில் பிரான்ஸே இரண்டாகப் பிளந்தது. பிசாரோ டிரேஃபஸ் பக்கம் நின்றார். பல வருட நண்பரான டெகா அவரை ஒதுக்கிவிட்டார். ரெனுவாரும் விலகிப்போனார். பிசாரோ வேலையை நிறுத்தவில்லை.

1903 நவம்பர் 13-ம் தேதி, 73 வயதில் பாரிஸில் காலமானார். உடல் பெர் லஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று அவர் எங்கே இருக்கிறார்?

மூன்று வருடம் கழித்து, 1906-ல், சொந்த ஊர்க் கண்காட்சியின் பட்டியலில் செசான் தன் பெயருக்குப் பக்கத்தில் பிசாரோவின் மாணவர் என்று போட்டுக்கொண்டார். அப்போது செசானுக்கு 67 வயது. இளம் ஓவியர்கள் அவரையே குருவாகப் பார்த்த காலம் அது.

2014-ல் பிசாரோவின் மான்மார்த்ர் படம் ஒன்று லண்டன் ஏலத்தில் கிட்டத்தட்ட 2 கோடி பவுண்டுக்குப் போனது. 184 ஃபிராங்க் கடனோடு கண்காட்சியை முடித்த மனிதரின் படம்.

சேற்றில் மிதிபட்ட அந்த 1,500 படங்கள் திரும்பி வரவே இல்லை. இன்று உலகம் பார்க்கிற பிசாரோ, பெரும்பாலும் 40 வயதுக்குப் பிறகு மறுபடியும் ஆரம்பித்த பிசாரோதான்.

அடுத்த முறை அவருடைய காட்டுப் படம் ஒன்று மொபைலில் கண்ணில் பட்டால், உடனே ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள். முதலில் ஜூம் செய்து தீற்றல்களைப் பாருங்கள். பிறகு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். மரத்தடி நிழலில் கறுப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நீலம்தான் முதலில் கண்ணில் படும்.